கீறலும் கல்லடியும்: வேலூர்–ஆம்பூர் சாலையில் கார் பெயிண்ட் பழுது

காரில் விழும் அடிகளில் கண்ணை உறுத்துவது ஒன்று, காரைக் கெடுப்பது வேறொன்று. வேலூர் லாங் பஜாரில் ஒரு டூவீலரின் ஹேண்டில்பார் உரசிக் கதவில் முழ நீளத்துக்கு வெள்ளைக் கோடு விழுந்தால் வீட்டில் எல்லோருக்கும் மனசு கெட்டுவிடுகிறது. அடுத்த வாரம் வண்டி பெயிண்டர் கையில் இருக்கும். அதே வண்டியின் பானெட் முனையில், பள்ளிகொண்டாவைத் தாண்டும்போது முன்னால் போன டிப்பரிலிருந்து தெறித்த ஜல்லி மிளகளவுக்குப் பெயிண்டைப் பெயர்த்திருக்கும். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கதவுக் கோடு பல நேரங்களில் மேல்பூச்சோடு நின்றுவிட்ட காயம், பாலிஷில் போய்விடும். கல்லடியோ தகடு வரைக்கும் இறங்கியது. ஒரு மழைக்காலம் போதும், அதன் ஓரம் சிவக்க ஆரம்பிக்க. பெரிதாகத் தெரிவதற்கு அதிக வைத்தியம், சின்னதாகத் தெரிவதற்கு வைத்தியமே இல்லை என்ற இந்தத் தலைகீழ்க் கணக்கை, ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் வைத்துப் பார்க்கலாம். சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 48 இந்த ஊர்களின் ஓரமாகத்தான் போகிறது. கல்லடிக்கு அது பஞ்சம் வைப்பதில்லை. பெயிண்ட் பழுதைப் புரிந்துகொள்ளத் தேவையான பாதி அறிவும் இந்த ஊர்களின் தோல் தொழிலில் ஏற்கெனவே கிடக்கிறது.

முதலில், கார் மேல் இருப்பது என்ன? இன்றைய கார் கம்பெனியில் நாலு அடுக்குப் பூச்சு வாங்கி வருகிறது. பாஸ்பேட் குளியல் முடிந்த உடற்கூட்டை முழுசாகத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைக்கும் ப்ரைமர் அடியில். இதைப் பட்டறைகளில் இடி கோட் என்பார்கள், சுமார் 20 மைக்ரான். அதன் மேல் 30 முதல் 40 மைக்ரான் சர்ஃபேசர். அடுத்து நிறம் தரும் பேஸ் கோட், வெறும் 15 முதல் 20 மைக்ரான். எல்லாவற்றுக்கும் மேலே நிறமில்லாத கிளியர் கோட், 35 முதல் 50 மைக்ரான். நம் ஊர் பெயிண்டர்கள் இந்தக் கடைசிப் பூச்சை லேக்கர் என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். மொத்தம் கூட்டினால் நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாளைவிடக் கொஞ்சம் அதிகத் தடிமன். அவ்வளவுதான் தகட்டுக்கும் வெயிலுக்கும் இடையில் இருக்கும் பாதுகாப்பு.

இந்த அடுக்குகள் வேகும் சூடுதான் முக்கியமான விஷயம். அடிப் ப்ரைமர் 160 டிகிரிக்கு மேல் சுடப்படுகிறது, மேல்பூச்சு 140 டிகிரியை ஒட்டி. வெறும் தகட்டுக் கூடாக இருக்கும்போதுதான் இது முடியும். ஓடிக்கொண்டிருக்கும் காரை அந்தச் சூட்டில் வைத்தால் பிளாஸ்டிக்கும் ரப்பரும் வயரிங்கும் மிஞ்சாது. அதனால் பட்டறை பூத்தில் 60 டிகிரிக்கு மேல் போகமாட்டார்கள். சூடு செய்யாத வேலையை ஹார்டனர் என்ற ரசாயனத்தைக் கலந்து செய்துகொள்கிறார்கள். நல்ல பெயிண்டர், நல்ல பூத், நல்ல சரக்கு எல்லாம் சேர்ந்தால் கம்பெனிப் பூச்சுக்கு மிக அருகில் வரலாம். ஆனால் சுரண்டி எடுத்துவிட்ட இடி கோட்டை எந்தப் பட்டறையும் திருப்பிக் கொடுக்க முடியாது.

எனவே என் கட்சி இதுதான்: கம்பெனி பெயிண்ட்டில் எவ்வளவு மிச்சம் வைக்க முடியுமோ அவ்வளவையும் மிச்சம் வைக்க வேண்டும். கீறலை மறைப்பதற்காக நல்ல பூச்சைத் தேய்த்து எடுக்கும் ஒவ்வொரு முடிவும் கணக்குக் கேட்டுத்தான் எடுக்கப்பட வேண்டும்.

ஆம்பூர்க்காரருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. தோல் பதனிடும் ஷாப்பில் செலக்‌ஷன் மேசையில் நிற்பவர் ஒரு தோலைப் புரட்டும்போது முதலில் பார்ப்பது அதன் மேல்முகத்தைத்தான். முள் கிழித்த கோடு, உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு எல்லாம் அங்கே கணக்கில் வரும். மேல்முகம் சுத்தமாக இருந்தால் அது ஃபுல் கிரெய்ன், மேலே லேசான பூச்சோடு போகும், நல்ல விலைக்கும் போகும். காயம் இருந்தால் அந்த முகத்தை பஃபிங் மெஷினில் தேய்த்து, நிறமும் பிசினும் கலந்த கனமான பூச்சை ஏற்றி, சூடான தகட்டால் அழுத்தி, செயற்கையாக ஒரு முகத்தை உண்டாக்குவார்கள். அது கரெக்டட் கிரெய்ன். பார்க்க வழவழப்பாக, ஒரே சீராக இருக்கும். விலை குறைவு. பழைய கார் சந்தையும் அச்சு அசலாக இப்படித்தான் நடக்கிறது. வாங்க வருபவர் கையில் இன்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது; தகட்டின் மேல் வைத்தால் பூச்சின் தடிமனைச் சொல்லிவிடும். 100 முதல் 150 மைக்ரானுக்குள் என்றால் கம்பெனி பெயிண்ட். 250, 300 என்றால் ஒரு முறை அடித்திருக்கிறார்கள். ஆயிரத்தைத் தொட்டால் உள்ளே ஒடுக்கை நிரப்பும் பட்டி இருக்கிறது, அடி பலமாக விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பிளாஸ்டிக் பம்பரில் மட்டும் அந்தக் கருவி பேசாது. நாலு சின்னக் கீறலோடு கம்பெனிப் பூச்சு அப்படியே இருக்கும் வண்டிக்கு, முழுக்க அடித்துப் பளபளக்கும் வண்டியைவிட மரியாதை அதிகம். ஏன் அடித்தார்கள் என்ற சந்தேகம் பளபளப்போடு சேர்ந்தே வரும்.

இரண்டு தொழிலுக்கும் உறவு வெறும் உவமையோடு நிற்கவில்லை. 1923–24 வாக்கில் அமெரிக்காவில் டூபான் கம்பெனி தயாரித்த டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு கார் தொழிலையே மாற்றியது. அதற்கு முன் வார்னிஷ் அடித்துக் காயவைத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். புதுப் பூச்சு மணிக்கணக்கில் காய்ந்தது. அதே நைட்ரோசெல்லுலோஸ் தோலுக்கும் மேல்பூச்சாகப் போனது. 1972-ல் சீதாராமையா குழு பரிந்துரை செய்து, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு, இந்த வட்டாரம் முழுமையாக்கிய தோலுக்கு மாற வேண்டியிருந்தது. அதோடு வந்து சேர்ந்தவைதான் ஸ்ப்ரே கன்களும் பூச்சுக் கலவைகளும். ஓடும் கயிறுகளின் மேல் தோல் நகர, மேலே சுழலும் கைகளில் ஸ்ப்ரே கன்கள் பூச்சைப் பீய்ச்சும் மெஷின்கள் இங்கே பல ஷாப்புகளில் உண்டு. கன்னின் காற்றழுத்தம், தின்னரின் வேகம், பூச்சின் கனம் என்று கார் பெயிண்டர் பேசும் அதே பேச்சு அங்கேயும் நடக்கிறது.

அம்பாசிடர், பியட் காலத்து என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட்டுக்கு ஒரு பெரிய சௌகரியம் இருந்தது. காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் அது கரையும். எனவே புதிதாக அடித்தது பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும், ஓரம் தெரியாது. வேஸ்ட் துணியில் காம்பவுண்ட் தொட்டுத் தேய்த்தால் பளபளப்பு திரும்பிவிடும். ஹார்டனர் கலந்து அடிக்கும் இன்றைய டூ-கே பாலியூரித்தேன் பூச்சு காய்ந்துவிட்டால் தின்னருக்கு மசியாது. உறுதி அதிகம், ஆயுள் அதிகம். ஆனால் ஒரு கதவின் பாதியில் நிறுத்தினால் பழைய லேக்கரும் புது லேக்கரும் சந்திக்கும் கோடு நாளடைவில் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சாண் கீறலுக்கு ஏன் முழுக் கதவையும் அடிக்கிறீர்கள் என்று கேட்டால் பெயிண்டர் சொல்லும் பதில் இதுதான். அதில் நியாயம் இருக்கிறது. கேள்வி அந்தக் கீறலுக்குப் பெயிண்ட்டே தேவைதானா என்பது.

அதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத இரண்டு சோதனைகள் உண்டு. வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, கீறலின் மேல் தண்ணீர் தடவிப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை கோடு மறைந்தால் காயம் லேக்கரில்தான் இருக்கிறது. அடுத்து விரல் நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் சிக்காவிட்டால் பாலிஷுக்கு அடங்கும். நகம் சிக்கி, உள்ளே வேறு நிறம் தெரிந்தால் பேஸ் கோட் அறுந்துவிட்டது. சாம்பல் நிறம் சர்ஃபேசர். பளிச்சென்று வெள்ளி போல் மின்னினாலோ பழுப்பேறி இருந்தாலோ தகடு வெளியே வந்துவிட்டது. பம்பரில் கறுப்பாகத் தெரிந்தால் அது பிளாஸ்டிக், துருப்பிடிக்காது; நிதானமாக முடிவெடுக்கலாம். இன்னொரு வகையும் உண்டு. உரசிய மற்ற வண்டியின் பெயிண்ட் நம் கதவில் ஒட்டிக்கொண்டு ஆழமான காயம் போலத் தோன்றும். தின்னரைத் தொட்டும் தொடாமலும் நனைத்த துணியால் மெல்ல ஒற்றித் துடைத்தால் அது போய்விடும், அடியில் நம் பூச்சு அப்படியே இருக்கும். ஏற்கெனவே பழுதுபார்த்த பேனலில் மட்டும் தின்னரைத் தொடக் கூடாது. அங்கே என்ன சரக்கு அடித்தார்கள் என்று சொல்ல முடியாது.

பாலிஷைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காம்பவுண்ட் கீறலை நிரப்புவதில்லை. கீறலைச் சுற்றியிருக்கும் மேட்டைத் தேய்த்துக் கீறலின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் லேக்கர் போகிறது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சரக்கு இருப்பதும் இந்த லேக்கரில்தான். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரருக்குச் சொல்ல வேண்டாம்; கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஒவ்வொரு சர்வீஸிலும் இலவச பஃபிங் என்று மெஷினை ஓட்டவிட்ட வண்டியின் கூரையில் சில வருஷங்களில் லேக்கர் செதில் செதிலாக உரியும். இலவசம் என்பதற்காகச் சரி என்று சொல்லிவிட வேண்டாம். டூத்பேஸ்ட் வைத்தியம் பலிப்பதற்கும் காரணம் அது ஒரு மெல்லிய தேய்ப்பான் என்பதுதான். மிக மேலோட்டமான கோட்டுக்கு வேலை செய்யும். தேங்காய் எண்ணெயும் கறுப்பு ஷூ பாலிஷும் அடுத்த வாட்டர்வாஷ் வரைக்கும்தான். ஷூ செய்யும் ஊர் என்பதால் பின்னதற்கு இங்கே ரசிகர்கள் உண்டு. உண்மையில் லேக்கரில் தெரியும் வட்ட வட்டமான மெல்லிய கோடுகளில் பெரும்பாலானவை விபத்தில் வந்தவை இல்லை. காலையில் தூசியோடு இருக்கும் வண்டியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பதில் வந்தவை.

இப்போது கல்லடிக்கு வருகிறேன். பானெட் முனை, கண்ணாடிக்கு மேல் கூரை தொடங்கும் விளிம்பு, சக்கர வளைவுகள், கதவின் அடிப்பகுதி ஆகியவைதான் கல் படும் இடங்கள். தார்ப்பாய் மூடாத ஜல்லி வண்டி, எம்-சாண்ட் வண்டி, பாலம் கட்டும் இடத்தில் சிதறிய கிராவல் என்று காரணங்கள் இந்தச் சாலையில் பல. தெறிக்கும் கல்லின் வேகத்தோடு நம் வேகமும் சேர்ந்துகொள்வதால், டிப்பருக்குப் பின்னால் இடைவெளி விடுவதைப் போல மலிவான பாதுகாப்பு வேறில்லை.

தகடு தெரியும் கல்லடியை ஒரு மாலை நேரத்தில் வீட்டிலேயே சரிசெய்யலாம். வேலையில் கஷ்டமில்லை, பொறுமைதான் வேண்டும். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் மெழுகைத் துடைத்து எடுக்க வேண்டும். ஓரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும் பெயிண்ட்டை ஊசி முனையால் எடுத்துவிட வேண்டும். அதன் மேல் அடித்தால் புதுப் பூச்சும் சேர்ந்து பெயரும். துரு இருந்தால் பென்சிலின் பின்பக்கத்தில் ஒட்டிய துளி எமரித் தாளால் பளபளப்பான தகடு தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிகளுக்குள் புகுந்துவிட்ட துருவுக்கு ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று ஒரு திரவம் விற்கிறார்கள். பழுப்புத் துருவின் மேல் தடவினால் சில நிமிஷங்களில் கருநீலமாக மாறும்.

இந்த மாயத்தின் மூலப்பொருள் இந்த வட்டாரத்துக்குப் பழைய உறவு. குரோம் வருவதற்கு முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் இங்கே தோலைப் பதப்படுத்தினார்கள். அவற்றில் இருக்கும் டானின் இரும்போடு சேர்ந்தால் கறுப்பாகும். பட்டைத் தொட்டியில் ஊறும் தோலின் பக்கம் இரும்பு ஆணியோ துருப்பிடித்த வாளியோ போகாமல் பார்த்துக்கொள்வது பழைய ஷாப்புகளின் விதி. ஒரு துளி துரு பட்டால் தோலில் கறுப்புக் கறை விழுந்து செலக்‌ஷனில் இறங்கிவிடும். கடுக்காய் மை கறுப்பதும் இதே வேதியியல்தான். ரஸ்ட் கன்வெர்ட்டரில் பல வகைகள் டானிக் அமிலத்தை வைத்தே வேலை செய்கின்றன. துருவை இரும்பு டானேட் என்ற, அவ்வளவாக மேலும் வினைபுரியாத கறுப்புப் பொருளாக மாற்றி நிறுத்துகின்றன. தோலுக்கு விரோதியாக இருந்தது தகட்டுக்கு மருந்து. ஆனால் பளபளப்பான தகடு கிடைத்துவிட்ட இடத்தில் இதற்கு வேலை இல்லை; மாற்றுவதற்குத் துரு வேண்டும். அடுக்கடுக்காக உரியும் துருவையும் இது குணப்படுத்தாது.

பிறகு பல்குத்தும் குச்சியின் முனையால் துளி ப்ரைமர். காய்ந்ததும் வண்டியின் கலர் கோடு என்ற நிறக் குறியீட்டுக்குச் சரியான டச்-அப் பெயிண்ட், மெல்லிய இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் காய இடைவெளி விட்டு. கடைசியில் லேக்கர், சுற்றியுள்ள மட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலே நிற்கும்படி. சில நாள் கழித்து 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் அந்தப் புள்ளியை மட்டும் தட்டையாக்கிப் பாலிஷ் செய்தால் போதும். கடைசி வேலையைச் செய்யாமல் விட்டாலும் நஷ்டமில்லை. பாட்டிலோடு வரும் தூரிகையால் ஒரே தடவையில் பொத்தென்று வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அது பரு போல நிற்கும், ஓரம் சுருங்கும். கிட்டத்தில் பார்த்தால் டச்-அப் தெரியத்தான் செய்யும். துருவை நிறுத்துவதுதான் அதன் வேலை, காணாமல் போவது இல்லை. இதைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் டச்-அப்பைத் திட்டிவிட்டு முழு பானெட்டையும் அடிக்கக் கொடுக்கிறார்கள்.

பேனல் முழுவதும் அடித்தே தீர வேண்டிய நேரங்களும் உண்டு. பேஸ் கோட் வரை நீளமாக அறுத்த கோடு, ஒடுக்கு விழுந்து பெயிண்ட் விண்டுபோன கதவு, சக்கர வளைவில் கொப்புளித்த துரு இவற்றுக்கு வேறு வழியில்லை. அங்கே முதல் சிக்கல் நிறம். கதவுச் சட்டத்திலோ என்ஜின் அறையிலோ ஒட்டியிருக்கும் கலர் கோடு வெறும் ஆரம்பம். ஒரே கோடில் தயாரிப்புக்குத் தயாரிப்பு நிறம் நகர்ந்திருக்கும், அதற்கு மேல் வெயில் வெளிறவைத்திருக்கும். தனி வெள்ளை சுலபம். வெள்ளி நிற மெட்டாலிக்தான் பெயிண்டரின் கையைச் சோதிப்பது. பூச்சில் மிதக்கும் அலுமினியத் துகள்கள் படுக்கையாக விழுந்தால் ஒரு நிறம், நிமிர்ந்து விழுந்தால் வேறு நிறம். கன்னின் அழுத்தம், தூரம், தின்னரின் அளவு எல்லாமே அதை மாற்றும். அதனால்தான் தேர்ந்த கைக்காரர் பக்கத்துப் பேனலுக்குள்ளும் பேஸ் கோட்டைப் புகை போல இழைத்துவிட்டு, இரண்டு பேனலுக்கும் முழுசாக லேக்கர் அடிப்பார். பொருத்தத்தைக் காலையிலோ மாலையிலோ வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறம் வெளியே வந்ததும் பிரிந்துவிடும்.

பருவமும் பார்க்க வேண்டும். கத்திரியில் தகடு கொதிக்கும்போது அடித்தால் தின்னர் தகட்டை எட்டுவதற்குள் ஆவியாகி, பூச்சு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரக்கும். மெதுவாக ஆவியாகும் தின்னர், காலை நேரம், நிழல் இவை மூன்றும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் என்சி சரக்கு வெள்ளை பூக்கும். டூ-கேவின் ஹார்டனர் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து குமிழி விடும். திறந்த ஷெட்டில் தரைக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அடிக்கும் பட்டறைகளை நான் குறைவாக நினைக்கவில்லை. அங்கே தை முதல் பங்குனி வரை நல்ல வேலை வரும். அடைமழையில் மட்டும் பூத் உள்ள இடத்துக்குப் போங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். எனக்குத் தெரிந்தவரை இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்பு போடுகிறார்கள். ஊறவைக்கும்போது அந்த உப்பு தண்ணீரோடு வெளியே வரும். பல பத்தாண்டுகள் அது பாலாற்றுப் படுகைக்குள் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பு, இந்தப் பகுதியில் 35,000 ஹெக்டேர் அளவுக்கு விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ கெட்டுவிட்டதைச் சுட்டிக்காட்டியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன, ஆனால் நிலத்தடியில் சேர்ந்த உப்பு சட்டென்று போகிற பொருள் இல்லை. பல இடங்களில் போர் தண்ணீர் கரிக்கிறது.

பட்டறையில் எமரி பிடிப்பது இந்தத் தண்ணீரை ஊற்றித்தான். பட்டி ஒரு நுண்துளைப் பொருள், தண்ணீரைக் குடிக்கும். காய்ந்த பிறகு தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். மேலே ப்ரைமரும் பெயிண்ட்டும் லேக்கரும் ஏறிவிட்ட பிறகு, மழையிலும் ஈரக் காற்றிலும் பூச்சின் ஊடாக நுழையும் நீராவியை அந்த உப்பு இழுத்து அடியில் கரைசலாகச் சேர்க்கும். ஊடுபரவல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்துக் கதவில் கொத்துக் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள் எழும். வாடிக்கையாளர் பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவார், பெயிண்டர் வெயிலைத் திட்டுவார். பட்டியை உலர்வாகவே தேய்ப்பதும், ப்ரைமருக்கு மேல் ஈரமாகத் தேய்த்தால் கடைசி அலம்பலைக் கேன் தண்ணீரில் செய்து சூட்டில் உலர்த்துவதும் இதற்குத் தீர்வு. கூடுதல் செலவு சில பத்து ரூபாய்தான். கார் கழுவுவதற்கும் இதே விதிதான்: கரிக்கும் தண்ணீரை வெயிலில் உலரவிட்டால் வெள்ளை வட்டங்கள் லேக்கரில் பதிந்துவிடும். நிழலில் கழுவி உடனே துடைக்க வேண்டும். அந்தக் காலத்து டிரைவர்கள் துடைக்க வைத்திருந்த ஷாமியும் மீன் எண்ணெயில் பதப்படுத்திய ஆட்டுத்தோல்தான். மைக்ரோஃபைபர் துணி அதன் இடத்தைப் பிடித்துவிட்டது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, அடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கதவுக்கு 6,000 ரூபாய் பெயிண்டிங் பில் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண பாலிசியில் பெயிண்டிங் தொகையில் 25 சதவீதத்தைப் பொருள் விலையாக எடுத்து, அதில் பாதியைத் தேய்மானம் என்று கழிப்பார்கள், 750 போயிற்று. 1500 சிசி வரையுள்ள வண்டிக்குக் கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 4,250. இதற்காக இழப்பது என்ன? க்ளெய்ம் இல்லாத வருஷங்களுக்குத் தரும் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று படிப்படியாக ஏறும். ஒரு க்ளெய்ம் செய்தால் பூஜ்யத்துக்கு இறங்கும். சொந்த சேதத்துக்கான பிரீமியம் 10,000 ரூபாய் என்றும், அடுத்த புதுப்பிப்பில் 45 சதவீதம் கிடைக்கவிருந்தது என்றும் வைத்தால், முதல் வருஷ நஷ்டம் 4,500. அடுத்த வருஷங்களில் 3,000, 2,500, 1,500, 500. கூட்டினால் 12,000. வண்டியின் மதிப்பு வருஷா வருஷம் இறங்குவதால் உண்மைத் தொகை சற்றுக் குறையும். ஆனாலும் 4,250-க்குப் பக்கத்தில் வராது. பாலிசி முடியும் மாதத்தில் எல்லாப் பேனலையும் ஒரே க்ளெய்மில் அடித்துத் தருகிறோம் என்று கூப்பிடும் குரல்கள் உண்டு. ஒவ்வொரு பேனலின் காயமும் ஒவ்வொரு சம்பவத்தில் வந்திருக்க, ஒரே விபத்து என்று எழுதிக் கொடுப்பது பொய். அதில் கம்பெனிப் பூச்சும் மொத்தமாகப் போகிறது.

அடிப்பவரின் நுரையீரல் பற்றியும் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. டூ-கே ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் மூச்சு இரைக்கும். உலகம் முழுவதும் கார் பெயிண்டர்களுக்கு வரும் தொழில் ஆஸ்துமாவின் முதல் காரணங்களில் ஒன்று அது. மூக்கில் கட்டும் கைக்குட்டை தூசிக்கே போதாது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. பழைய பெயிண்ட்டைத் தேய்க்கும் தூசி இன்னொரு விஷயம். 2017 நவம்பர் முதல் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. அது வீட்டு, அலங்காரப் பெயிண்ட்டுக்கு மட்டுமே, வண்டிப் பெயிண்ட்டுக்கு இல்லை. பழைய லாரிகளின் பளிச் மஞ்சளில் ஈய குரோமேட் இருக்க வாய்ப்பு அதிகம். குரோமேட் என்றால் என்ன என்று ராணிப்பேட்டைக்குத் தெரியும். தோலுக்கான குரோம் உப்பின் மூலப்பொருளான சோடியம் டைகுரோமேட்டிலிருந்துதான் மஞ்சள் நிறமிகளும் துருத் தடுப்பு ப்ரைமர்களுக்கான துத்தநாக குரோமேட்டும் தயாராகின. அங்கே தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990களில் மூடப்பட்டபோது விட்டுச்சென்ற கழிவு 2 லட்சம் டன்னுக்கு மேல். பழைய வண்டியை உலர்வாகத் தேய்க்கும் பட்டறையில், தூசியை உறிஞ்சும் சாண்டர் ஆடம்பரம் இல்லை. பட்டியை உலர்வாகத் தேய்க்கச் சொன்ன என் யோசனைக்கும் இந்த நிபந்தனை உண்டு.

கடைசியாக, வராமல் தடுப்பது. செராமிக் கோட்டிங் கல்லடியைத் தாங்கும் என்று விற்கிறார்கள். சில மைக்ரான் கனமுள்ள எந்தப் பூச்சும் ஜல்லியைத் தாங்காது. அவர்கள் சொல்லும் 9எச் என்பது பென்சில் கடினச் சோதனையின் அளவு, வைரத்துக்கும் மாணிக்கத்துக்கும் சொல்லும் அளவு இல்லை. தண்ணீர் நிற்காமல் ஓடும், கழுவுவது சுலபம், வெள்ளை வட்டங்கள் கொஞ்சம் குறையும். அந்த அளவுக்கு அது நல்லது. கல்லடிக்கு உண்மையில் எதிர்நிற்பது 150 முதல் 200 மைக்ரான் கனமுள்ள, ரப்பர் போல் அடியை வாங்கிக்கொள்ளும் பிபிஎஃப் என்ற பெயிண்ட் பாதுகாப்புப் படம். முழு வண்டிக்கும் ஒட்ட லட்சக்கணக்கில்கூட ஆகும். வேலூருக்கும் பெங்களூருக்கும் வாரம் தவறாமல் போய்வருகிறவர் பானெட்டின் முன்பாதி, பம்பர், கண்ணாடிக் கூடுகள், கதவின் அடி விளிம்பு ஆகியவற்றுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டால் செலவு கைக்கு அடங்கும், பலன் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அதுவும் வேண்டாம். ஒட்டுவதென்று முடிவு செய்தால், இருக்கும் கல்லடிகளை முதலில் டச்-அப் செய்து நன்றாகக் காயவிட்டிருக்க வேண்டும். துருவின் மேல் படத்தை ஒட்டினால் அடியில் அது தன் பாட்டுக்குப் பரவும். தெரியவரும்போது படத்தையும் உரித்துப் பேனலையும் அடிக்க வேண்டியிருக்கும்.